கட்-ஆஃப் மெஷினைப் பாதுகாப்பாக ஓட்டுவதும் பராமரிப்பதும்: முழுமையான வழிகாட்டி

கான்கிரீட், தார்த்தளம், கருங்கல், இரும்புப் பைப் என எதையும் கிடக்கிற இடத்திலேயே, கையில் பிடித்தபடி அறுக்கும் மெஷின் இது. 350 மி.மீ. பிளேடு முழு வேகத்தில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். தொடையையோ கழுத்தையோ கிழிக்க அந்த வேகத்துக்கு ஒரு நொடி கூட வேண்டாம். அதனால் விசையைத் தொடுவதற்கு முன்பு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: நான் அறுக்க அறுக்க இந்தக் காடி (பிளேடு போடும் ஒடுங்கிய பள்ளம்) விரியுமா, மூடுமா? கீழே சொல்லியிருப்பதில் பாதி, இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

இங்கே சொல்வது பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் மெஷினை மனதில் வைத்து. அறுக்கும் முறையும் பிளேடு விஷயங்களும் பேட்டரி, கரண்ட் மெஷின்களுக்கும் அப்படியே பொருந்தும். கரண்ட் மெஷினில் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டுமென்றால் அதற்கென்றே தயாரித்த மாடலாக இருக்க வேண்டும்; இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு சுவிட்சும் கட்டாயம்.

மெஷின் எப்படி எகிறுகிறது

பிளேடின் முன்பக்கம் மேலிருந்து கீழாகச் சுழல்கிறது. அடிப்பக்கம் உங்களை நோக்கி வருகிறது. இதை மனதில் பதிய வைத்துக்கொண்டால் மற்றவை தானாகப் புரியும். அடிப்பக்கம் பொருளைக் கடிக்கும்போது மெஷின் முன்னால் இழுக்கப்படும். இது வழக்கமானது, இரண்டு கையால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் பிளேடு வட்டத்தை நான்காகப் பிரித்தால் வரும் முன்மேல் கால்பகுதி எங்காவது முட்டினாலோ, காடி மூடி அந்தப் பகுதியை நெரித்தாலோ, கீழே போக வேண்டிய விளிம்பு தடைபட்டு மெஷின் முழுவதும் மேலே கிளம்பி உங்கள் முகத்தை நோக்கி வரும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம். நல்ல தோள்பலம் உள்ளவராலும் இதைப் பிடித்து நிறுத்த முடியாது; நடந்து முடிந்த பிறகுதான் கைக்கே தெரியும். அதனால் முன்மேல் கால்பகுதியால் அறுக்கவே கூடாது. பைப்பின் அடிவயிற்றைக் கீழிருந்து மேலாக அறுக்கும்போதும், சந்துக்குள் பிளேடை நுழைக்கும்போதும் அந்தக் கால்பகுதி தெரியாமலே வேலைக்கு வந்துவிடுகிறது.

பிளேடைத் தேர்ந்தெடுப்பது

கான்கிரீட், கல், தார், செங்கல் ஆகியவற்றுக்கு டைமண்ட் பிளேடு. இரும்புக்கு, ரெசினும் கண்ணாடி நாரும் சேர்ந்த கல் வீல் அல்லது இரும்புக்கென்றே செய்த டைமண்ட் பிளேடு. மரம் அறுக்கும் பல் வைத்த ரம்ப பிளேடை இந்த மெஷினில் ஒருநாளும் மாட்டாதீர்கள். ஒவ்வொரு பல்லும் பொருளைக் கொத்திப் பிடிக்கும். பிடித்த கணமே மெஷின் எகிறும். கார்பைட் முனை பறந்தால் தோட்டா போலத்தான் வரும்.

டைமண்ட் பிளேடு வாங்கும்போது தலைகீழாகத் தோன்றும் ஒரு விதி உண்டு. கடினமான கல்லுக்கு மென்மையான பிணைப்பு (வைரத் துகளைப் பிடித்திருக்கும் உலோகம்) உள்ள பிளேடு, தார் போன்ற அராவும் பொருளுக்குக் கடினமான பிணைப்பு உள்ள பிளேடு. காரணம் எளிது. வைரத் துகள் மழுங்கியதும் அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து புதிய துகளை வெளியே காட்ட வேண்டும். கருங்கல் உலோகத்தை மெதுவாகத்தான் தேய்க்கும், அதனால் பிணைப்பு மென்மையாக இருக்க வேண்டும். தார்த்தளத்தில் உள்ள மணல் சீக்கிரம் தேய்த்துவிடும், அதனால் கடினமாக வேண்டும். இதை மாற்றிப் போட்டால் ஒன்று பிளேடு வழுவழுவென்று ஆகி அறுக்காது, அல்லது ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

அடுத்தது வேகம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மேசையில் நிற்கும் சாப்-சா மெஷினுக்கான 14 அங்குல கல் வீலும் இந்த மெஷினின் வீலும் ஒரே அளவு, ஒரே நிறம் கூட இருக்கலாம். சாப்-சா வீலில் பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். 350 மி.மீ. விட்டத்துக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 4,365 சுற்று. கையில் பிடிக்கும் மெஷின்கள் பலவும் நொடிக்கு 100 மீட்டருக்கு, அதாவது 350 மி.மீ. பிளேடில் சுமார் 5,460 சுற்றுக்கு வடிவமைத்தவை. வேகம் ஒன்றேகால் மடங்குதான் கூடுகிறது என்று தோன்றும். ஆனால் வீலைச் சிதறடிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும். மெஷினின் தகட்டில் உள்ள அதிகபட்சச் சுற்றைப் பாருங்கள். பிளேடில் உள்ள எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் மட்டுமே மாட்டுங்கள்.

கல் வீலின் நடு ஓட்டையைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ரெசின் வீலுக்கு அது வழக்கமாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. தேதி கடந்தது, நனைந்தது, கீழே விழுந்தது எதுவானாலும் உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுதாக வைத்தால் அவசரத்தில் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார்.

பிளேடு மாட்டும் முறை

1. இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். உலர்ந்த நிலையில் அறுத்த பிளேடு சூடாக இருக்கும், ஆறவிடுங்கள்.

2. லாக் பின்னை அதற்கான துளையில் செருகி, தண்டு சுற்றாமல் நிறுத்தி, போல்டைக் கழற்றுங்கள்.

3. பிளேடை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளான இரண்டு ஃபிளேஞ்சையும் துணியால் துடையுங்கள். இரண்டும் ஒரே விட்டமாக, வளையாமல், பிசிறில்லாமல் இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு சிமெண்ட் துணுக்கே பிளேடைச் சாய்த்துவிடும்.

4. நடு ஓட்டையின் அளவைச் சரிபாருங்கள். 20 மி.மீ., 25.4 மி.மீ. இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 25.4 மி.மீ. ஓட்டையை 20 மி.மீ. தண்டில் புஷ் (இடைவெளியை நிரப்பும் வளையம்) இல்லாமல் மாட்டினால் பிளேடு மையத்திலிருந்து 2.7 மி.மீ. வரை விலகி நிற்கும். அந்த ஆட்டம் பேரிங்கையும் கையையும் சேர்த்தே கெடுக்கும்.

5. டைமண்ட் பிளேடில் உள்ள அம்புக்குறி, பிளேடை மூடியிருக்கும் கார்டில் உள்ள அம்புக்குறியின் திசையிலேயே இருக்க வேண்டும். கல் வீலுடன் வரும் காகித வளையத்தைப் பிய்த்துப் போடாதீர்கள். ஃபிளேஞ்சின் அழுத்தத்தைச் சீராகப் பரப்புவது அதுதான்.

6. போல்டைக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவுக்கு) இறுக்குங்கள். லாக் பின்னை எடுத்துவிட்டு, பிளேடைக் கையால் சுற்றி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. ஸ்டார்ட் செய்து, பிளேடின் நேர்கோட்டில் யாரும் இல்லாத பக்கம் திருப்பி, எதையும் அறுக்காமல் ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். குறையுள்ள வீல் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தூசியும் தண்ணீரும்

கான்கிரீட்டிலும் கல்லிலும் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடத் தெரியாத நுண்தூசிதான் நுரையீரலின் ஆழம் வரை போகும். அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. எனவே கான்கிரீட்டை உலர்ந்த நிலையில் அறுக்காதீர்கள். பிளேடின் இரு பக்கமும் சேர்த்து நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் விழ வேண்டும். கையால் பம்ப் செய்யும் 10 லிட்டர் டேங்க் என்றால் சுமார் 20 நிமிடம் வரும். அதை வைத்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காடியிலிருந்து சாந்து போன்ற குழம்பு வழிந்தால் தண்ணீர் போதும். வெள்ளைப் புகை தெரிந்தால் நாசில் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் விட்டாலும் நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 தர மாஸ்க் போடுங்கள். குழம்பை அப்படியே காயவிட்டால் அது மறுபடி தூசியாகும், ஈரத்திலேயே அள்ளிவிடுங்கள்.

கல் வீலால் இரும்பு அறுப்பது பெரும்பாலும் உலர்ந்த வேலை. இங்கே ஆபத்து நெருப்புப்பொறி. பாலியஸ்டர் உடை பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கனமான பருத்தி அல்லது தோல் ஏப்ரன் போடுங்கள். பொறி போகும் திசையில் பெட்ரோல் கேன், மரத்தூள், காய்ந்த புல் எதுவும் இருக்கக் கூடாது. பழைய எண்ணெய் டிரம், எரிபொருள் டேங்க் போன்றவற்றை இந்த மெஷினால் தொடவே வேண்டாம்.

முகக்கவசம் மட்டும் போதாது, அதற்குள் கண்ணாடியும் வேண்டும். சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதுக் கவசம், இரும்பு முனை ஷூ, கையுறை, ஹெல்மெட் எல்லாம் கட்டாயம். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டை வேண்டாம். மூடிய அறை, பள்ளம், கிணறு போன்ற இடங்களில் பெட்ரோல் மெஷினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பது தீர்வாகாது.

எரிபொருளும் ஸ்டார்ட்டும்

பெட்ரோலும் டூ-ஸ்ட்ரோக் ஆயிலும் 50-க்கு 1: 5 லிட்டருக்கு 100 மி.லி. கையேடு வேறு விகிதம் சொன்னால் அதுவே சரி. கண்ணளவில் ஊற்றாமல் அளவு ஜாடியில் அளந்து, கேனை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கலவை வேண்டாம். இன்ஜின் ஆறிய பிறகே நிரப்பவும். நிரப்பிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யவும்.

மெஷினைச் சமதரையில் வைத்து, பிளேடு எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடது கையால் முன்பிடியை அழுத்தி, வலது காலைப் பின்பிடியில் வைத்து மிதியுங்கள். கயிற்றை இழுப்பதை எளிதாக்கும் டீகம்ப்ரஷன் வால்வு இருந்தால் அழுத்திக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினுக்கு சோக் இழுத்து, கயிற்றைத் தடை தட்டும் வரை மெதுவாக, பிறகு வேகமாக இழுங்கள். முதல் வெடிப்புச் சத்தம் கேட்டதும் சோக்கைத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் பிளக் நனைந்துவிடும். ஓடத் தொடங்கியதும் த்ராட்டிலை ஒருமுறை தட்டி ஐடிலுக்கு (இன்ஜின் மெதுவாக ஓடும் நிலைக்கு) கொண்டுவாருங்கள். ஐடிலில் பிளேடு நின்றே இருக்க வேண்டும். சுற்றினால் ஐடில் ஸ்க்ரூவைக் குறையுங்கள். அப்போதும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். அந்த மெஷினைக் கீழே வையுங்கள், அறுக்க வேண்டாம்.

அறுப்பது

முதலில் காடியின் கேள்வி. ஒரு உத்தரம் அல்லது பைப்பின் இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுவில் அறுத்தால், எடையால் நடு தொய்ந்து காடியின் மேல்வாய் மூடும், பிளேடு சிக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் தாங்கி மறுபக்கம் அந்தரத்தில் இருந்தால் துண்டு கீழே சாயச் சாய மேல்வாய் விரியும். எனவே தாங்கலை அறுக்கும் கோட்டுக்கு அருகில் கொடுத்து, வெட்டுத்துண்டைச் சுதந்திரமாகச் சாயும்படி விடுங்கள். விழும் இடத்தில் உங்கள் கால் இருக்கக் கூடாது. கனமான துண்டானால் பாதியில் மெஷினை வெளியே எடுத்து, காடியில் ஆப்பு வைத்துவிட்டுத் தொடருங்கள். ஆப்பு பிளேடில் படாத தூரத்தில் இருக்கட்டும்.

தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் கேபிள், கேஸ், தண்ணீர்க் குழாய் போகிறதா என்று உறுதிசெய்து, சாக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு நிற்கும் முறை. இடது கைக்கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும், கை நேராக இருக்க வேண்டும். வலது கை பின்பிடியில். பிளேடின் தளத்துக்கு நேரே தலையும் கழுத்தும் வராதபடி சற்று இடப்பக்கம் தள்ளி, ஒரு காலை முன்னால் வைத்து நில்லுங்கள். கார்டின் பின்விளிம்பு அறுக்கும் பொருளோடு ஒட்டியபடி இருக்குமாறு திருப்புங்கள்; அப்போதுதான் பொறியும் குழம்பும் கார்டில் பட்டு உங்களை விட்டு விலகிப் போகும்.

முழு த்ராட்டிலுக்கு வந்த பிறகே பிளேடைப் பொருளில் இறக்குங்கள், மெதுவாக. முதல் ஓட்டத்தில் 10 முதல் 15 மி.மீ. ஆழமே போதும்; அது வழிகாட்டும் காடி. இந்த முதல் காடி கோணலாக விழுந்தால் அடுத்த ஒவ்வொரு ஓட்டமும் பிளேடை வளைக்கும். பிறகு முன்னும் பின்னுமாக நகர்த்தியபடி படிப்படியாக ஆழப்படுத்துங்கள். மெஷினின் எடையே போதும். அழுத்தினால் வேகம் குறையும், வெப்பம் கூடும், வேலை விரைவாக முடியாது. 350 மி.மீ. பிளேடின் ஆழம் ஏறக்குறைய 125 மி.மீ., 300 மி.மீ. பிளேடுக்கு 100 மி.மீ. அதற்கு மேல் ஆழம் வேண்டுமானால் மறுபக்கம் போய் அறுங்கள். ஃபிளேஞ்ச் உரசும் வரை தள்ளாதீர்கள்.

பிளேடால் வளைவு அறுக்க முயலாதீர்கள், பக்கவாட்டில் உரசித் தேய்க்காதீர்கள். டைமண்ட் பிளேடின் வைரத்துண்டு பிய்ந்து பறப்பதற்கும் கல் வீல் உடைவதற்கும் இந்தப் பக்க அழுத்தம் ஒரு முக்கியக் காரணம். காடிக்குள் மீண்டும் இறங்கும்போது பிளேடு முழு வேகத்தில், காடிக்கு நேராக இருக்கட்டும். தேய்ந்த பிளேடு போட்ட ஒடுங்கிய காடியில் புதிய பிளேடை இறக்கினால் அதன் விளிம்பிலுள்ள தடித்த வைரத்துண்டு சிக்கும். புதுப் பிளேடுக்குப் புதிய இடத்தில் காடி தொடங்குவதே நல்லது.

பைப் அறுக்கும்போது இருபுறமும் ஆப்பு வைத்து உருளாமல் நிறுத்துங்கள். சுற்றிலும் ஆழமில்லாத காடி போட்டுவிட்டு, பைப்பை உருட்டி உருட்டி எப்போதும் மேலிருந்தே அறுங்கள். உருட்ட முடியாமல் பள்ளத்தில் பதிந்த பைப்பின் அடிப்பக்கத்தை இந்த மெஷினால் எட்டி அறுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இடம் குறுகல், முன்மேல் கால்பகுதியால் அறுக்க நேரிடும், காடியின் போக்கும் தெரியாது. அதற்குச் சங்கிலிப் பைப் கட்டர் இருக்கிறது.

சுவரில் திறப்பு வெட்டும்போது கீழ்க் கிடைக்கோடு முதலில், பிறகு இரு செங்குத்துக் கோடுகள், மேல் கிடைக்கோடு கடைசி. கீழ்க்கோட்டைக் கடைசிக்கு வைத்தால் துண்டின் எடை முழுவதும் பிளேடின் மேல் உட்காரும். பெரிய திறப்பைத் தூக்கக்கூடிய சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். தோளுக்கு மேலே மெஷினைத் தூக்கி அறுக்காதீர்கள். ஏணியில் நின்றும் வேண்டாம்.

த்ராட்டிலை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுற்றும். முழுவதும் நின்ற பிறகே தரையில் வையுங்கள். தண்ணீரை மூடிய பின் சில நொடி வெறுமனே ஓடவிட்டால் பிளேடில் உள்ள ஈரம் உதறிப்போகும்.

பராமரிப்பு

இந்த மெஷினைக் கொல்வது தூசிதான். இன்ஜினுக்குள் போன சிமெண்ட் தூசி பிஸ்டனையும் சிலிண்டரையும் அரம் போல ராவிவிடும். ஆனால் ஏர் ஃபில்டரை அடிக்கடி திறந்து தட்டுவது அதைவிடக் கெடுதல், ஒவ்வொரு திறப்பிலும் கொஞ்சம் தூசி உள்ளே விழும். பவர் குறைந்தாலோ கையேட்டில் சொன்ன நேரம் வந்தாலோ மட்டும் திறங்கள். திறக்கும் முன் மூடியையும் சுற்றுப்பகுதியையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். காகித ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், பிறகு ஃபில்டர் இருந்தும் இல்லாதது போல. ஃபில்டரை எடுத்ததும் அதற்கு உட்புறத்தில், இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் விரலால் தடவிப் பாருங்கள். விரல் சுத்தமாக வந்தால் நிம்மதி. நறநறவென்று மணல் தட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை அல்லது கிழிந்திருக்கிறது; அதைச் சரிசெய்யாமல் அடுத்த டேங்க் ஓட்ட வேண்டாம்.

தினமும் வேலை முடிந்ததும் குழம்பு காய்வதற்குள் கார்டின் உட்புறத்தைச் சுரண்டிக் கழுவுங்கள். கூலிங் ஃபின்களில் படிந்ததைப் பிரஷ்ஷால் எடுங்கள். பிரஷர் வாஷரைக் காற்று நுழையும் இடத்தில் காட்டாதீர்கள். கார்டில் விரிசல், அதிர்வைத் தாங்கும் ரப்பர் டேம்பரில் கிழிசல், தளர்ந்த ஸ்க்ரூ இவற்றைக் கண்ணால் பாருங்கள். டேம்பர் போன மெஷினின் அதிர்வு நாள்பட விரல்களை மரத்துப்போகச் செய்யும். விரல் நுனி வெளுப்பது அதன் அறிகுறி.

இன்ஜின் பிளேடைச் சுழற்ற உதவும் பெல்ட்டைப் புதிதாக மாட்டினால் ஒன்றிரண்டு டேங்க் ஓட்டியதும் இழுவையை மறுபடி சரிசெய்யுங்கள், புதிதில் நீளும். தளர்ந்த பெல்ட் வழுக்கும், அதிகம் இறுக்கினால் பேரிங் போகும். ஸ்பார்க் பிளக் இடைவெளி பெரும்பாலான மாடல்களில் 0.5 மி.மீ. ஸ்டார்ட்டர் கயிறு இழை பிரியத் தொடங்கும்போதே மாற்றுங்கள்.

கோளாறும் காரணமும்

இன்ஜின் கத்துகிறது, பிளேடு நிற்கிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது கிளட்ச் தேய்ந்திருக்கும். முழு த்ராட்டிலில் திணறினால் ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், சைலன்சரில் உள்ள கரித் தடுப்பு வலை என்ற வரிசையில் பாருங்கள். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்புவது கடைசி வேலை.

டைமண்ட் பிளேடு அறுக்காமல் வழுக்கினால் வைரத்துண்டுகள் மழுங்கியிருக்கின்றன. மணற்கல் அல்லது தார்த்தளத்தில் சில முறை அறுத்தால் வைரம் மறுபடி வெளிவரும். நடுத்தகடு நீலமாகியிருந்தால் சூடேறி வலு போய்விட்டது; பிளேடை மாற்றுங்கள். வைரத்துண்டுக்குக் கீழே தகடு மெலிந்து அரித்திருந்தால் அராவும் குழம்பு தின்றிருக்கிறது. அந்தத் துண்டு எப்போது பறக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் அதுவும் குப்பைக்கு. புதிதாக ஆட்டம் வந்தால் அடுத்த அறுப்புக்கு முன் நிறுத்தி ஃபிளேஞ்ச், புஷ், பேரிங் மூன்றையும் பாருங்கள்.

எடுத்து வைப்பது

வண்டியில் ஏற்றும் முன் பிளேடைக் கழற்றிவிடுங்கள். குலுங்கலில் ஓர் அடி பட்டாலே கல் வீலில் வெளியே தெரியாத விரிசல் விழும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும் வரை ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். கல் வீல்களைச் சமமான பலகையில் படுக்கை வாட்டில், ஈரமும் எண்ணெயும் படாத இடத்தில் அடுக்குங்கள். காலாவதித் தேதி முன்னதாக வரும் வீல் மேலே இருக்கட்டும்.